சுவர் தண்ணீரைவிடக் குள்ளம், ஆனால் 2 கி.மீ. மேலே தண்ணீர் ஏறி நிற்கிறது. எப்படி?

நெமிலிப்பையன்:

வணக்கம். காட்பாடி பக்கம் சிவில் கடைசி வருடம் படிக்கிறேன். இது தேர்வுக் கேள்வி இல்லை, வீட்டுப் பிரச்சினை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலம் வாலாஜா பாலாறு அணைக்கட்டிலிருந்து பிரிந்து வரும் கால்வாய் ஒன்றின் கிளையில் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் இதற்கு உயிர், மற்ற மாதங்களில் ஆடு மேயும். இந்த வருடம் தண்ணீர் வந்ததிலிருந்து எங்கள் கரையோரம் வழக்கத்தைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறது. சும்மா சொல்லவில்லை, கரையில் கல்படி இருக்கிறது, அப்பா துணி துவைக்கிற மூன்றாவது படி எப்போதும் காய்ந்தே இருக்கும், இப்போது அது தண்ணீருக்கு அடியில். நண்டு வளைகள் இருக்கிற உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டதால் கரை வழியாகக் கசிகிறது, மார்கழியில் மல்லாட்டை போடலாம் என்று ஓட்டி வைத்த நிலம் சொதசொதவென்று கிடக்கிறது.

எங்களுக்குக் கீழே சரியாக 2 கி.மீ. தள்ளி, போன கோடையில் கால்வாய்க்குக் குறுக்கே ஒரு சுவர் கட்டினார்கள். மேட்டு மடை ஒன்றுக்குத் தண்ணீர் ஏறவில்லை என்பதற்காக. அதைக் கட்டிய ஒப்பந்ததாரரின் ஆளிடம் அப்பா போய்க் கேட்டதற்கு அவர் இரண்டு பதில் சொன்னார், இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது, அதுதான் கஷ்டம்.

ஒன்று, சுவர் உயரம் 3 அடி 10 அங்குலம், அதாவது 1.17 மீட்டர். கால்வாயில் தண்ணீரே 1.2 மீட்டர் ஓடுகிறது. தண்ணீரைவிடக் குள்ளமான சுவர் தண்ணீரை எப்படித் தடுக்கும்? இரண்டு, சரி, சுவருக்குப் பக்கத்தில் 60 செ.மீ. ஏறியிருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் வாட்டம், அதாவது கால்வாய் அடியின் சரிவு, 2500க்கு 1. அறுபது செ.மீ.யை 2500ஆல் பெருக்கினால் 1500 மீட்டர். உங்கள் நிலம் 2000 மீட்டரில் இருக்கிறது. "பிள்ளை இன்ஜினியருக்குத்தானே படிக்குது, போட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

போட்டுப் பார்த்தேன். அகலம் 6 மீட்டர், இரண்டு பக்கமும் கருங்கல் சுவர், அடி மண். மேனிங் எண் (கால்வாயின் சொரசொரப்பைக் குறிப்பது) 0.025, ஓட்டம் நொடிக்கு 5.2 கனமீட்டர் (கிட்டத்தட்ட 184 கனஅடி, தலைமதகில் ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சொன்னது). எங்கள் நிலத்தில் 1.2 மீட்டர் என்று ஆரம்பித்து கீழே நோக்கிப் படிப்படியாகக் கணக்குப் போட்டால் சுவர் வரைக்கும் 1.2 மீட்டராகவே வருகிறது. ஒரு விரல்கூட ஏறவில்லை. கண்ணுக்குத் தெரிகிறது, கணக்கில் வரவில்லை. எங்கே தப்பு?

காட்பாடி_சைட்:

நண்பா, 1500 மீட்டர் கணக்கு சரிதான், நாங்கள் சைட்டில் அப்படித்தான் போடுவோம். தண்ணீர் சமமட்டமாக நிற்கும், அந்த மட்டக்கோடு பழைய நீர்மட்டத்தில் போய் முட்டுகிற இடத்தோடு முடிந்தது. உங்கள் ஊர்க் கால்வாயில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும், அதைப் போய்ப் பாருங்கள். மேனிங் எண் 0.035 ஆனாலே இதே ஓட்டத்துக்கு 1.5 மீட்டர் ஆழம் வந்துவிடும். சுவரைக் குறை சொல்ல வேண்டியதே இல்லை.

பழைய_ஏஇ:

தம்பி நெமிலி, உன் கணக்கில் தப்பு இல்லை, ஆரம்பித்த இடம்தான் தப்பு. காட்பாடித் தம்பி, செடி விஷயத்தில் நீ சொன்னது நியாயம், அதற்குப் பிறகு வருகிறேன். 1500 மீட்டர் விஷயத்தில் நீ சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்தக் குள்ளச் சுவர். ஏரி கோடி போவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கலங்கல் மேல் தண்ணீர் வழிந்து போக வேண்டும் என்றால் கலங்கல் உச்சிக்கு மேல் ஒரு அளவு தண்ணீர் நின்றுதான் ஆக வேண்டும், உச்சிக்குச் சமமாக நின்றால் ஒரு சொட்டும் தாண்டாது. சுவரும் அப்படியே. அந்த 5.2 கனமீட்டரை 6 மீட்டர் அகலத்தில் தாண்ட வைக்க கிரிட்டிக்கல் டெப்த் (இந்த ஓட்டம் மிகக் குறைந்த ஆற்றலில் போகக்கூடிய ஆழம்) 0.42 மீட்டர், அதன் ஒன்றரை மடங்கு, 0.64 மீட்டர் ஆற்றல் உயரம் (ஆழமும் வேகத்துக்கு உரிய உயரமும் சேர்ந்தது), சுவர் உச்சிக்கு மேல் தேவை. 1.17ஐயும் 0.64ஐயும் கூட்டு, 1.81. அதில் வேகத்துக்கு உரிய ஒரு செ.மீ. சொச்சத்தைக் கழித்தால் சுவருக்கு மேற்புறம் ஆழம் 1.80 மீட்டர். ஆகவே ஒரு சுவர் தடுக்குமா தடுக்காதா என்பதைத் தண்ணீரின் ஆழத்தோடு ஒப்பிட்டுச் சொல்லக் கூடாது. சுவர் இல்லாதபோது தண்ணீரிடம் இருக்கிற ஆற்றல் உயரம் 1.23, அதில் 0.64 போனால் மிச்சம் 0.59 மீட்டர். கிட்டத்தட்ட இரண்டடி. உன் சுவர் அதற்குள் இருந்திருந்தால் மேலே யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. மூணே முக்காலுக்கு மேல் கட்டிவிட்டு "குள்ளம்" என்றால் எப்படி.

இப்போது நீ ஏன் ஏமாந்தாய் என்று பார். உன் கால்வாயில் ஃப்ரூட் எண் (தண்ணீரின் வேகத்துக்கும் அதன் மேல் சிற்றலை போகும் வேகத்துக்கும் உள்ள விகிதம்) 0.21, மெதுவான ஓட்டம். இந்த மாதிரி ஓட்டத்தில் கீழே நடக்கிற சேதி மேலே போகும், மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் கேட்டுத்தான் தன் ஆழத்தை வைத்துக்கொள்வான். அதனால் கணக்கைச் சுவரிலிருந்து, 1.80லிருந்து, மேல்நோக்கிப் போட வேண்டும். நீ நார்மல் டெப்த்தில், அதாவது தடங்கல் இல்லாதபோது நிற்கிற ஆழத்தில், ஆரம்பித்தாய். அங்கே அடிவாட்டமும் உராய்வு வாட்டமும் (உராய்வில் ஆற்றல் உயரம் குறைகிற வீதம்) சமம், இரண்டின் வித்தியாசம் பூஜ்யம், ஆழம் மாற ஒரு காரணமும் இல்லை, நூறு படி போட்டாலும் 1.2தான் வரும். மேலே நின்றுகொண்டு கீழே சுவர் இருக்கிறதா இல்லையா என்று உன் கணக்குக்கு எப்படித் தெரியும்?

சூத்திரம் உனக்குத் தெரிந்ததுதான். ஆழம் மாறுகிற வீதம் என்பது அடிவாட்டத்தில் உராய்வு வாட்டத்தைக் கழித்து, அதை ஒன்றில் ஃப்ரூட் எண்ணின் வர்க்கம் போன மிச்சத்தால் வகுத்தது. நம் ஊர்க் கால்வாய்களில் கீழே இருக்கிற அந்த வகுக்கும் எண் 0.96, 0.98 என்றே இருக்கும், கிட்டத்தட்ட ஒன்று, அதை மறந்துவிட்டாலும் பெரிய மோசம் இல்லை. விளையாட்டு முழுக்க மேலே இருக்கிற கழித்தலில்தான். சமமட்டம் என்று சொல்கிறவர்கள் செய்கிற காரியம் என்னவென்றால் உராய்வு வாட்டத்தைப் பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். தேங்கிக் கிடக்கிற ஏரிக்கு அது சரி. ஓடுகிற தண்ணீருக்கு 1.8 மீட்டர் ஆழத்தில்கூட உராய்வு அடிவாட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது, மேலே போகப் போக அது ஏறி அடிவாட்டத்தை நெருங்குகிறது, வித்தியாசம் தேய்ந்துகொண்டே போகிறது, அதனால் அந்த வளைகோடு முடியவே மனசில்லாமல் இழுத்துக்கொண்டே போகும். இதைத்தான் உங்கள் வகுப்பில் எம்1 என்று படம் போட்டுக் காட்டி, பன்னிரண்டு வகை நீர்மட்டக் கோடுகளில் ஒன்று என்று சொல்லி, அடுத்த படத்துக்குப் போயிருப்பார்கள்.

நான் இப்போது கால்குலேட்டரில் போட்டது. ஒவ்வொரு ஆழத்துக்கும் ஆற்றல் உயரம், உராய்வு வாட்டம் இரண்டையும் எடுத்து, ஆற்றல் வித்தியாசத்தை வாட்ட வித்தியாசத்தால் வகுத்தால் தூரம். 1.80லிருந்து 1.60க்கு இறங்க 783 மீட்டர். 1.60லிருந்து 1.40க்கு 1051. அடுத்த பத்து செ.மீ.க்கே 847. 1.30லிருந்து 1.25க்கு 749. கடைசி மூன்றே மூன்று செ.மீ.க்கு, 1.25லிருந்து 1.22க்கு, 904. மொத்தம் 4334 மீட்டர். 1500 இல்லை, நாலே கால் கிலோமீட்டருக்கு மேல். அந்த 1500 மீட்டரில் நின்று பார்த்தால் இன்னும் 26 செ.மீ. ஏறியிருக்கும், உன் 2000 மீட்டரில் 18 செ.மீ. சாணுக்கு (ஏறக்குறைய 23 செ.மீ.) கொஞ்சம் குறைவு.

இது ஒன்றும் புது ரகசியம் இல்லை, பெலாஞ்சே என்கிற பிரெஞ்சுக்காரர் 1828லேயே எழுதி வைத்தது. ஆனால் 18 என்பது 23 இல்லை. சாண் என்று நீ சொன்னது உன் சாணா, அப்பா சாணா? மீதி எங்கிருந்து வந்தது என்பதற்குத்தான் காட்பாடித் தம்பி சொன்ன செடி.

காட்பாடி_சைட்:

ஐயா, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒரு சந்தேகம். செடியால் ஏறியதும் சுவரால் ஏறியதும் ஒரே இடத்தில் பார்த்தால் ஒரே மாதிரிதானே தெரியும்? அந்த ஆள் முழுதும் செடிதான் என்று சொன்னால் எப்படி மறுப்பது?

பழைய_ஏஇ:

ஒரே இடத்தில் பார்த்தால் மறுக்க முடியாது, ஆமாம். அதனால் மூன்று இடத்தில் பார். செடியும் தூரும் கால்வாய் நெடுக ஒரே மாதிரி இருந்தால் தண்ணீரை நெடுக ஒரே அளவு தூக்கும், 500 மீட்டரிலும் 8 செ.மீ., 4 கி.மீ.யிலும் 8 செ.மீ. சுவர் தூக்குவது அப்படி இல்லை, பக்கத்தில் நிறைய, தூரத்தில் கொஞ்சம். நெமிலித் தம்பி, சுவரிலிருந்து 500, 2000, 4000 மீட்டரில் ஆழத்தை அளந்து போடு. ஒரே நாளில், ஓட்டம் மாறுவதற்கு முன்னால்.

தலைமதகில் சொன்ன 184 கனஅடியை நம்பாதே, லஸ்கர் நல்லவர், ஷட்டர் நல்லதா என்று தெரியாது. 4 கி.மீ.யில் நேராக ஓடுகிற இடமாகப் பார்த்து 30 மீட்டர் அளந்து எலுமிச்சம்பழம் விடு. பழம் முக்கால்வாசி தண்ணீருக்குள் கிடக்கும், காற்று அடித்துக்கொண்டு போகாது. காய்ந்த சருகு, தெர்மாகோல் எல்லாம் போட்டால் காற்றின் வேகம்தான் கிடைக்கும். நடுவில், ஓரத்தில் என்று அஞ்சாறு தடவை விட்டு சராசரி எடு, மேல்வேகத்தை முழு ஆழத்துக்கான சராசரி வேகமாக மாற்ற அதை 0.85ஆல் பெருக்கு.

சோளிங்கர்_எக்செல்:

சும்மா ஒரு சேதி. மேலே ஐயா போட்ட ஐந்து படிக் கணக்கை நான் ஒரு செ.மீ. படியாக எக்செலில் போட்டேன். மேலே இருக்கிற பெரிய படிகள் பெரிதாக மாறவில்லை, கடைசிப் படிதான் நீள்கிறது, மொத்தம் 4410 மீட்டர் பக்கம் வருகிறது. நார்மல் டெப்த்தை நெருங்க நெருங்கப் படியைப் பொடியாக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம், தேர்வுக்குப் படிக்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். "எங்கே முடிகிறது" என்று கேட்டால் கணக்குப்படி எங்கேயும் முடியாது, 1 செ.மீ. மிச்சம் வரை என்றோ 2 செ.மீ. வரை என்றோ நாமே ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஹெக்ராஸ் போட்டுப் பார்க்கலாமே என்று யாராவது வருவீர்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் இலவச மென்பொருள், நல்ல பொருள்தான், நேரத்துக்கு நேரம் மாறாத ஓட்டத்துக்கு அதுவும் உள்ளே இதே ஆற்றல் கணக்கைத்தான் குறுக்குவெட்டுக்குக் குறுக்குவெட்டு போடுகிறது. ஆறு மாதிரி இடத்துக்கு இடம் அகலம் மாறினால் அது வேண்டும். ஆறு மீட்டர் அகலத்தில் நேராகக் கிடக்கிற கால்வாய்க்கு எதற்கு?

நெமிலிப்பையன்:

ஞாயிறு காலை அளந்தேன். தம்பி சைக்கிளில் எலுமிச்சம்பழத்தோடு வந்தான், அம்மா ஊறுகாய்க்கு வைத்திருந்ததில் ஆறு எடுத்தோம், நாலு கீழே போய்விட்டது.

30 மீட்டருக்குச் சராசரி 38.5 நொடி. மேல்வேகம் 0.78, அதில் 0.85 எடுத்தால் 0.66 மீட்டர். ஆழம் 1.31, அகலம் 6. பெருக்கினால் 5.2. லஸ்கர் சொன்னது சரி!

ஆழம்: சுவருக்குப் பக்கத்தில் 1.80. 500 மீட்டரில் 1.68. எங்கள் கல்படியில் (2000) 1.43. 4000 மீட்டரில் 1.31. ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே ஐந்து புள்ளியில் ஸ்டாஃப் (அளவுக்கோல்) வைத்துச் சராசரி எடுத்தேன். பழைய 1.20 என்பது ஊகம் இல்லை, மூன்று வருடத்துக்கு முன் தூர் வாரியபோது கல்படியில் பெயின்டால் குறித்தது, அப்போதும் ஓட்டம் இதே அளவு என்று அப்பா சொல்கிறார்.

சுவர் மட்டும் காரணம் என்றால் 4000 மீட்டரில் ஏறக்குறைய 3 செ.மீ.தான் ஏறியிருக்க வேண்டும், 11 ஏறியிருக்கிறது. செடி மட்டும் காரணம் என்றால் 500 மீட்டரில் 48 செ.மீ. எப்படி ஏறும். ஆக இரண்டுமா?

பழைய_ஏஇ:

இரண்டும்தான். அளந்ததற்குச் சபாஷ், பெயின்ட் அடித்து வைத்த உன் அப்பாவுக்கு இரண்டு சபாஷ்.

மேனிங் எண்ணை 0.0275 என்று வைத்து சுவரிலிருந்து மறுபடி மேல்நோக்கிப் போட்டேன். 1.60 வருவது 894 மீட்டரில், 1.40 வருவது 2280இல், 1.35 வருவது 2930இல், 1.30 என்பது 4200 தாண்டி. உன் மூன்று அளவும் அந்தக் கோட்டின் மேல் உட்காருகிறது. இந்த உராய்வுக்கு, சுவரே இல்லை என்றால், நார்மல் டெப்த் 1.28. அப்படியானால் உன் கல்படியில் ஏறிய 23 செ.மீ.யில் 8 செடியும் தூரும், 15 சுவர்.

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த ஆள் அதையே பிடித்துக்கொள்வார். செடி இல்லாத சுத்தமான கால்வாயில் இதே சுவர் உன் இடத்தில் 18 செ.மீ. தூக்கியிருக்கும் என்று முதலில் சொன்னேன், இப்போது 15 என்கிறேன். இரண்டும் சரி. சுவரையும் செடியையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டினால் 26 வரும், நிஜத்தில் 23, ஏனென்றால் ஏற்கெனவே ஏறி நிற்கிற தண்ணீரில் இன்னொன்று வந்து தூக்கும்போது அதன் பங்கு குறையும். 15:8 என்று பாகம் பிரித்துக் கையெழுத்துப் போடுகிற கணக்கு இல்லை இது. பெரிய பங்கு சுவர், சின்ன பங்கு செடி, அவ்வளவு சொல்லலாம்.

மேட்டுமடை_ஆள்:

நானும் அந்தப் பக்கத்து ஆள்தான், எந்த மடை என்று சொல்லவில்லை. சுவரை உடைக்கச் சொல்லிவிடாதீர்கள். இத்தனை வருடமாகத் தண்ணீர் எங்கள் மடையின் உதடு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், இந்த வருடம்தான் கழனிக்குள் வந்தது. பாலாறு எப்போதோ ஒரு முறை வருகிறது, வருகிற அந்த நாலு வாரத்தில் எடுத்தால்தான் உண்டு. நெமிலித் தம்பியின் நிலம் நனைவது தப்புதான், அதற்காக எங்கள் கழனி காய வேண்டுமா?

பழைய_ஏஇ:

உடைக்க வேண்டாம் ஐயா. தண்ணீர் குறைவாக வரும்போதுதான் உங்களுக்குச் சுவர் வேண்டும், நிறைய வரும்போதுதான் அது மேலே இருப்பவரை முழுக்குகிறது. முழுக்க கான்கிரீட்டாகக் கட்டியதுதான் பிழை. அடியில் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாகச் சுவரை விட்டு, மேலே இருக்கிற மிச்சத்தை வெட்டிவிட்டு, இடையில் தூண் வைத்துக் காடி வெட்டி மரப்பலகை இறக்குகிற மாதிரி செய்தால் இருவருக்கும் ஆகும். ஓட்டம் சின்னதாக இருக்கும்போது பலகை உள்ளே, பெரிதாக வரும்போது வெளியே. தூண்கள் அகலத்தைக் கொஞ்சம் தின்னும், அதனால் கொஞ்சம் ஏறும், ஆனால் 60 செ.மீ. ஏறாது. யார் பலகையைத் தூக்குவது, யார் இறக்குவது என்பதை ஊரில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள், அதற்கு எம்1 உதவாது, ஊரில் தண்ணீர் பங்கிடுகிற நீர்கட்டி ஒருவர் இருந்தால் உதவுவார்.

நெமிலிப்பையன்:

நன்றி ஐயா. கணக்கை எழுதி, அளவுகளோடு சேர்த்து அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சுவர் 15 என்றதும் தலையாட்டினார், செடி 8 என்றதும் "அப்ப நம்ம பங்கு கால்வாயை நாமளும் அறுக்கலைன்னு எழுதியிருக்கியா" என்றார். எழுதவில்லை, சேர்த்துவிடுகிறேன்.

பலகை யோசனையை ஒப்பந்ததாரரின் ஆளிடம் போனில் சொன்னேன். "எஸ்டிமேட்டில் இல்லை" என்றார், "1500 மீட்டர்" என்று மட்டும் இந்த முறை சொல்லவில்லை. அடுத்த வாரம் நேரில் மனு கொடுக்கப் போகிறோம், மேட்டு மடைக்காரர்களில் இரண்டு பேர் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சோளிங்கர்_எக்செல்:

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ஸ்டாஃப் வைத்தபோது சேற்றில் இறங்கியதா? 4000 மீட்டரில் மூன்று செ.மீ. இறங்கியிருந்தாலும் அந்த 0.0275 மாறிவிடும்.

நெமிலிப்பையன்:

முதல் இடத்தில் இறங்கியது. அப்புறம் அம்மாவின் பழைய தோசைக்கல்லை அடியில் கட்டிக்கொண்டு திரும்ப அளந்தேன், மேலே கொடுத்தது அந்த அளவுகள்தான்.